சாவி அக்கா போட்ட புகை

அந்தத் தெருவில் வெள்ளைத் துணி வாங்குகிறவர்கள் கிடையாது. வாங்கினாலும் வெளியே காயப் போடுவதில்லை. போட்டால், கொடியிலிருந்து எடுக்கும்போது கடுகு தெளித்த மாதிரிக் கரும்புள்ளிகள் ஒட்டியிருக்கும். தட்டினால் உதிராது. தேய்த்தால் இழுபட்டுக் கோடாகும். அத்தனையும் எண்ணெய்ப் பசை. இதில் வேடிக்கை, அந்தப் புள்ளிகளை ஊதி அனுப்புவது ஒரு சலவை ஆலை. ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் ஓட்டல்களின் துண்டும் அங்கேதான் வெளுக்க வருகின்றன. தெருமுனையில் இருக்கிறது ஆலை. அதன் தலையில் ஒரு குட்டைப் புகைபோக்கி, சுற்றியிருக்கும் மாடிவீடுகளுக்குத் தோள் உயரம் கூட வராது.

"ஊரு அழுக்கை வெளுத்து நம்ம வெளுப்பை அழுக்காக்குறான்" என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன அந்தப் பேச்சை முதன்முதலில் சொன்னவள் சாவி அக்காவின் தங்கச்சி.

சாவி அக்கா என்பது வேலையால் வந்த பெயர். தெரு நடுவில் நகராட்சிக் கட்டடம் ஒன்று உண்டு. கீழே வரி கட்டும் கவுண்டர், மேலே வாசகசாலை, அதற்கும் மேலே மொட்டைமாடி. அத்தனை கதவுக்கும் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. காலையில் திறப்பாள், கூட்டுவாள், முற்றத்து மரம் கொட்டிவைத்திருக்கும் இலைகளை வாரிப் போடுவாள், துடைப்பாள், சாயங்காலம் பூட்டுவாள். நடந்தால் கொத்துச் சாவி குலுங்கும். "அக்கா வர்றதுக்கு முன்னாடி அக்கா சத்தம் வந்துடும். திருடனுக்கு ரொம்ப வசதி" என்பாள் தங்கச்சி.

சாவி அக்காவைக் கட்டினவன் வெளியூருக்கு வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். யாராவது விசாரித்தால், "அந்தப் பூட்டுக்கு என்கிட்ட சாவி இல்ல" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொள்வாள். பிள்ளை இல்லை. இருந்ததெல்லாம் தங்கச்சிதான். அப்பா விட்டுப்போன வீட்டில் அண்ணன் தன் பாதியை விற்றுவிட்டுப் போயிருந்தான். மிச்சப் பாதியில் ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே ஆலையின் புகைபோக்கி. ஜன்னலடியில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு தங்கச்சி பள்ளிச் சீருடை தைப்பாள். நாக்கும் ஊசியும் ஒரே வேகத்தில் ஓடும்.

ஓடாத நாட்களும் உண்டு. அவளுக்கு இழுப்பு. மற்றக் காலங்களில் பம்ப்பை எடுத்து வாயில் இரண்டு தடவை அடித்துக்கொண்டு சமாளித்துவிடுவாள். பனிக்காலம் வந்தால்தான் ஆபத்து. பனிக்காலத்தில் புகைக்கு மேலே போகிற வழி மறந்துவிடும். தெருவிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, அதற்கு மேல் ஈரத்துண்டு தொங்கவிட்டாலும் அந்த நெடி, தீக்குச்சி உரசி அணைத்த மாதிரியான நெடி, அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

போன பனிக்காலத்தில் ஒருநாள் சட்டைக் கை தைத்துக்கொண்டிருந்தபோதே தங்கச்சி மிஷின்மேல் கவிழ்ந்துவிட்டாள். பக்கத்து ரொட்டிக்கடைக்காரர்தான் தன் ரொட்டி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பெரிய டாக்டர் சாவி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மருந்தைக் கூட்டிக்கிட்டே போகலாம்மா. காத்தை நான் எழுதித்தர முடியாது. ஒண்ணு அந்தப் புகை போகணும், இல்ல இவங்க அங்கிருந்து போகணும். இப்படியே விட்டா ஒரு பனிக்காலத்துல இவங்களைத் திருப்பி உங்ககிட்ட குடுக்க முடியாமப் போயிடும்."

போவது எங்கே? அந்தப் பாதி வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஜன்னலைத்தான் திறந்து பார்ப்பார்கள். அதோடு போய்விடுவார்கள். வேறூரில் பெரியம்மா மகள் ஒருத்தி இருந்தாள். வரச்சொல்லித்தான் இருந்தாள்.

"போனா அங்க ஓசிச் சோறு. இருந்தா இங்க ஓசிப் புகை. ரெண்டுல எது ஜீரணமாகும்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள் தங்கச்சி.

"நீ எங்கயும் போக வேணாம். புகை போகும்" என்றாள் அக்கா.

ரொட்டிக்கடைக்காரர் மனைவியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார். விறகு அடுப்பில் ரொட்டி சுடுவார். அவர் கடையில் வெட்டி ஒதுக்கும் ரொட்டி முனைகள், சூடு ஆறுவதற்குள், தினமும் தங்கச்சியின் ஜன்னலுக்கு வந்துவிடும். அதைப் பற்றி மூன்று பேரும் ஒன்றும் சொல்லிக்கொண்டதில்லை. ஆலைக்கு எதிராக மனு எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினவரும் அவர்தான்.

அந்த மனுவின் பலனாகத்தான் பெட்டி வந்தது.

காற்று வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்து மொட்டைமாடியில் அதை நிறுத்தினார்கள். ஆளுயர வெள்ளைப் பெட்டி. தலையில் ஒரு குழாய். குழாய்க்குத் தொப்பி போட்ட மாதிரி ஒரு மூடி. உள்ளே ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். தெருவின் காற்றை இழுத்து ஒரு வட்டத் தாள் வழியாக விடும். காற்று போய்விடும், காற்றிலிருந்தது தாளில் தங்கும். மறுநாள் தாளை மாற்ற ஒருவர் வருவார். அவருக்குத் தாள்காரர் என்று பெயராகிவிட்டது. மாடிச் சாவி சாவி அக்காவிடம் இருந்ததால் பெட்டிக்குக் காவலும் அவள் தலையில் விழுந்தது. காக்கை உட்காராமல் பார்க்க வேண்டும், மற்றபடி யாரும் கிட்டே போகக்கூடாது. வேலை அவ்வளவுதான்.

தாள்காரர் கையுறை மாட்டி, இடுக்கியால் தாளின் விளிம்பை மட்டும் பிடித்து எடுப்பார். எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார்.

"ஏன் தம்பி மூச்சைப் பிடிக்கிறீங்க?"

"நம்ம மூச்சுல வர்றதும் தாள்ல சேர்ந்துடும்க்கா. கணக்கு கெட்டுடும்."

"நல்லவேளை என் தங்கச்சிக்கு இந்த வேலை கிடைக்கல. அவ மூச்சை அவளாலேயே பிடிக்க முடியாது."

முதல் நாள் மாட்டிய தாள் முழு நிலா மாதிரி வெள்ளையாக இருந்தது. மறுநாள் அமாவாசையாக வெளியே வரும் என்று சாவி அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். வந்தது லேசாகப் பழுப்பேறிய நிலா. அதற்கடுத்த நாளும் அப்படியே. வாரக் கணக்கில் அப்படியே.

"என்ன தம்பி இது? எங்க கொடியில ஒரு துண்டு போட்டா இதைவிடக் கறுப்பா வரும்."

"துணியில விழுறது பெரிய துகள்க்கா. அதை இந்த மூடி வாசல்லயே திருப்பி அனுப்பிடும். மூக்கு, தொண்டையெல்லாம் தாண்டி நுரையீரல் அடிமட்டம் வரைக்கும் போற பொடியை மட்டும்தான் உள்ளே விடும். நிறத்தைப் பாத்துச் சொல்ல முடியாது. லேபுக்குப் போகணும்."

அவள் இதை வீட்டுக்குப் போய் ஒப்பித்தாள். தங்கச்சி மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். "அப்ப பெரிய திருடனை வாசல்லயே கும்பிட்டு அனுப்பிட்டு, பொடிப்பசங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டு விசாரிக்குதா? நல்ல போலீஸ்."

தெரு அதற்குமேல் போனது. ஆலைக்காரன் தாள்காரரைக் கவனித்துவிட்டான் என்றார்கள். ஆலையின் மேனேஜரைத் தெருவில் வெள்ளைச்சட்டை என்று சொல்வார்கள், அந்தத் தெருவில் துணிந்து வெள்ளை போடுகிறவன் அவன் ஒருவன்தான். அவன் தாள்காரரோடு டீக்கடையில் நின்றதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பார்த்தவரைப் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். "நாங்க கேஸ்ல பாய்லர் ஓட்டுறோம், எங்ககிட்ட புகையே கிடையாது" என்று ஆலை வாரியத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். டேங்கர் வண்டி கறுப்பு எண்ணெய் கொண்டுவந்து பின்வாசலில் இறக்குவதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? பெட்டிக்குத் தெரியவில்லையே.

பனி இறங்கத் தொடங்கியிருந்தது. தங்கச்சி பேச்சைக் குறைத்துவிட்டாள். வீட்டில் அதுதான் அபாய மணி. ஒருநாள் காலை ரொட்டி முனை ஜன்னலிலேயே காய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு சாவி அக்கா வேலைக்குப் போனாள். முற்றத்து இலையைக் கூட்டிக் குவித்தாள். குப்பைத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனவள் பாதியில் நின்றாள். திரும்பி, மாடிப்படி ஏறினாள்.

அவள் கணக்கு எளிமையானது. புகை இருக்கிறது, அது உண்மை. பெட்டி பொய் சொல்கிறது, இல்லை தூங்குகிறது. தூங்குகிறவனை உலுக்கி எழுப்புவது பாவமா? வழக்கில் ஜெயிப்பதற்காகப் பொய்ச்சாட்சி சொல்வது வேறு, ஊமைச் சாட்சியை வாய் திறக்க வைப்பது வேறு. அவள் செய்தது இரண்டாவது. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழைய தகர டின் ஒன்றை வைத்தாள். தாள்காரர் புதுத் தாளை மாட்டிவிட்டுப் போன பிறகு டின்னில் இலையைப் போட்டுப் பற்றவைத்தாள். இலை சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிட்டது. வாசகசாலையில் உடைந்து கிடந்த நாற்காலிக் காலைச் சேர்த்தாள். அதுவும் போதவில்லை. ரொட்டிக்கடைக்காரரிடம் போய், "குளிக்க வெந்நீர் போடணும், ரெண்டு விறகு குடுங்க" என்று கேட்டாள். அவர் நல்ல காய்ந்த விறகாகப் பொறுக்கி, கட்டித் தந்தார். பிறகு கேட்காமலே தந்தார்.

மறுநாள் தாள் அமாவாசையாக வந்தது.

தாள்காரர் இடுக்கியோடு அப்படியே நின்றார். அடக்கிய மூச்சை விட மறந்திருப்பார் போல. "என்னக்கா, நேத்து இங்க ஏதாவது எரிஞ்சுதா?"

"எரியாம என்ன? தெருவே எரியுது. இத்தனை நாளா உங்க பெட்டிதான் தூங்கிட்டிருந்துச்சு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அந்தத் தாளைத் தட்டில் வைத்து, மூடி, குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார். அன்று படி இறங்கும்போது சாவி அக்காவின் இடுப்பில் சாவி கொஞ்சம் அதிகமாகவே குலுங்கியது.

தினமும் எரித்தாள் என்று சொல்ல முடியாது. ஆள் நடமாட்டம் இருந்த நாளில் விட்டுவிட்டாள், காற்று மாறி அடித்த நாளில் விட்டுவிட்டாள். ஆனாலும் பனிக்காலம் முடிவதற்குள் டின்னின் அடி கருகி ஓட்டையாகிவிட்டது.

"உன்மேல என்ன ரொட்டிக்கடை வாசனை?" என்று ஒருநாள் தங்கச்சி கேட்டாள். "முனை எனக்கு மட்டும்தான் வருதுன்னு நினைச்சேன்."

"வாயை மூடு. தண்ணி எடுத்துத் தரேன், மாத்திரையைப் போடு."

தங்கச்சி மாத்திரையைப் போட்டாள். அக்கா உடுப்பை மாற்றிக்கொண்டு வருகிறவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பனிக்காலத்தை அவள் எப்படியோ தாண்டினாள். இரண்டு தடவை ஆஸ்பத்திரி, இரண்டு தடவையும் ரொட்டி வேன்.

வெயில் வந்த பிறகு வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, திரை கட்டிக் கொடுத்ததெல்லாம் சாவி அக்காதான். வாரியத்திலிருந்து ஆய்வு செய்த அம்மா வந்திருந்தார். நடுத்தர வயது, சின்னக் குரல். எல்லோரும் மேடம் என்றார்கள். முன்வரிசையில் வெள்ளைச்சட்டை வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். தங்கச்சி கடைசி வரிசையில், ஜன்னலோரம், ரொட்டிக்கடைக்காரருக்கு ஒரு நாற்காலி தள்ளி.

"நீங்க சொன்னது சரிதான்" என்று மேடம் ஆரம்பித்தார். "இந்தத் தெருக் காத்துல தூசி, எல்லையைத் தாண்டித்தான் இருக்கு."

தெரு நிமிர்ந்து உட்கார்ந்தது. சாவி அக்கா கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பெட்டியை எழுப்பிவிட்டேன், அது வாய் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

திரையில் ஒரு வட்டம் வந்தது, பல நிறத் துண்டுகளாக. மேடம் ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இது பஸ், லாரி, பைக் விடுகிற கரி. இது சாலையில் டயர் தேய்ந்து எழும்புகிற மண்ணும் சிமெண்டும். இது வாயுவாகக் கிளம்பி, காற்றிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து துகளாகப் பிறப்பது, வண்டிப் புகையிலிருந்தும் கந்தகத்திலிருந்தும் வருவது. இந்த மெலிந்த துண்டு கறுப்புக் கன எண்ணெய். அதில் அவர் குச்சி கொஞ்சம் நின்றது. ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தது. கடைசியாக, வட்டத்தில் பாதியை விழுங்கிக்கொண்டிருந்த பழுப்பு நிறத் துண்டு.

"இது விறகும் இலையும் எரிக்கிற புகை."

வெள்ளைச்சட்டை மெதுவாகத் திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தான். கை தட்டவில்லை. அவ்வளவு நாகரிகம் அவனுக்கு இருந்தது.

வாரிய விதி அப்படி: எது பெரிய துண்டோ, நடவடிக்கை முதலில் அதன்மேல். தெருவில் இலை எரிக்கத் தடை. வீட்டு விறகடுப்புக்குத் தடை. வியாபாரத்துக்கு விறகு எரிக்கிற இடம் தெருவில் ஒன்றே ஒன்று, ரொட்டிக்கடை அடுப்பு. அதை மூடி முத்திரை வைப்பார்கள்.

ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. "மனு எழுதினதே நான்தாங்க" என்றார். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் அதையே இன்னொரு தடவை சொன்னார். யாரோ சிரித்தார்கள். "தலைவலி மருந்து வாங்கப் போய்த் தலையையே குடுத்துட்டு வந்தாராம்" என்றது ஒரு குரல். அவர் உட்கார்ந்துவிட்டார்.

தங்கச்சி அவரைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. கதவில் சாய்ந்திருந்த அக்காவைப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் தங்கச்சிதான் முதலில் பேசினாள். "ரொட்டிக்கடை வாசனைன்னு நான் கேட்டேன்."

"ம்."

"வெந்நீர் போட விறகு வாங்கினியாம். நம்ம வீட்ல ஏது விறகடுப்பு? அந்த மனுஷன் அதைக்கூட யோசிக்காமக் குடுத்திருக்கார் பாரு."

"உனக்காகத்தான்டி."

"எனக்காகன்னு சொல்லாத. அதைக் கேட்டாலே எனக்கு இழுக்குது." கொஞ்சதூரம் போய், மூச்சு வாங்க ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போய்ச் சொல்லிடு. அவர் அடுப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கட்டும்."

மறுநாளே சாவி அக்கா வாரிய அலுவலகத்துக்குப் போனாள். குளிர்ந்த, நீளமான அறை. மேஜைமேல் தட்டுத் தட்டாக அவள் மாடித் தாள்கள். பழுப்பு நிலாக்களும் அமாவாசைகளும். மேடம் அவளை அடையாளம் கண்டு நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்: தங்கச்சியின் இழுப்பு, டின், இலை, நாற்காலிக் கால், விறகு.

மேடம் கறுப்புத் தாள் இருந்த தட்டு ஒன்றைத் தன் பக்கம் இழுத்தார்.

"கறுப்பா இருந்தாத்தான் நம்புவீங்கன்னு நினைச்சேன்" என்றாள் சாவி அக்கா.

"கறுப்புல என்னம்மா இருக்கு?" மேடத்தின் குரல் இன்னும் சின்னதாகியிருந்தது. "புகைக்கும் கைரேகை உண்டு. விறகுல பொட்டாசியம் இருக்கு. மரம் கருகும்போது ஒரு சர்க்கரை வரும், வண்டியோ எண்ணெயோ எரிஞ்சா அது வரவே வராது. அதைப் பாத்துத்தான் விறகுன்னு சொன்னோம். அதே மாதிரி கறுப்பு எண்ணெய்ல வனேடியம், நிக்கல்னு ரெண்டு உலோகம். கேஸ் எரிச்சா அந்த ரெண்டும் வராது. கேஸ்தான் எரிக்கிறோம்னு ஆலைக்காரங்க எழுதிக் குடுத்திருக்காங்க."

அவர் ஒரு தட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். ஆரம்ப நாட்களின் தாள், லேசான பழுப்பு. "வெளுப்பா இருக்குன்னுதானே எரிச்சீங்க? இந்தத் தாள்ல கந்தகம் எவ்வளவு தெரியுமா? எண்ணெயில இருந்து போற கந்தகம் காத்துல உப்பா மாறி வெள்ளையாத்தான் வந்து உட்காரும். கண்ணுக்குத் தெரியாது. உங்க தங்கச்சிக்கு இழுக்கிறது பெரும்பாலும் அந்தக் கந்தகத்தாலதான். கரியால இல்ல."

சாவி அக்கா தாளைக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப ஆலையைப் பிடிச்சுட்டீங்க" என்றாள்.

"பிடிச்சிருந்தேன். அந்த மெலிஞ்ச துண்டுக்காகத்தான் பெட்டியையே வெச்சேன். கூட்டத்துல ஆலை மேனேஜர் உட்கார்ந்திருந்தான், அதான் வாயைத் திறக்கல. அடுத்த வாரம் இந்தத் தாளையெல்லாம் கையில வெச்சுக்கிட்டு ஆலை வாசல்ல போய் நிக்கலாம்னு இருந்தேன். நீங்க இந்தக் கதவைத் திறக்கிற வரைக்கும்."

"கறுப்புத் தாளைத் தூக்கிப் போட்டுடுங்க. இதெல்லாம் நான் கை வைக்காதது."

"எதுல கை வெச்சீங்க, எதுல வைக்கலன்னு உங்க வாய் மட்டும்தான் சாட்சி. அவன் வக்கீல் வெச்சுக் கேட்பான்ல, விறகை எரிச்சவங்க எண்ணெயையும் எரிச்சிருக்க மாட்டாங்களான்னு? பால் குடத்துல ஒரு சொட்டு விஷம் விழுந்தாலும் குடத்தையேதான் கொட்டணும்."

"திரும்ப அளந்தா?"

"பெட்டி ஒண்ணுதான். எத்தனையோ தெரு வரிசையில நிக்குது."

மேடம் ஒரு தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். உடனே எழுதவில்லை. அவளைப் பார்த்தார். ஒரு கணம், எதையும் கேட்காத மாதிரி இருந்துவிடுவாரோ என்று சாவி அக்காவுக்குத் தோன்றியது. அப்படி இருந்துவிட்டால் தங்கச்சிக்குக் காற்று வரும், ரொட்டிக்கடைக்காரருக்கு அடுப்பு போகும். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல அவள் வாய் ஒரு தடவை திறந்தது. மேடமும் அதற்குக் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் காதில் விழுந்தது, "மனு எழுதினதே நான்தாங்க" என்று இரண்டு தடவை சொன்ன குரல்.

"எழுதிக்கங்க" என்றாள்.

மேடம் எழுதினார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. பெட்டியில் கை வைத்த குற்றத்துக்கு நகராட்சி அவளை வேலையிலிருந்து நிறுத்தியது. கொத்துச் சாவியைக் கவுண்டரில் வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். பெட்டியை இரண்டு பேர் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். ஆலை வாசலில் புதுப் பலகை ஒன்று வந்தது: "இப்பகுதி மக்களின் பொய்ப் புகார் நிரூபிக்கப்பட்டது." அதற்குக் கீழே, புதிதாக இன்னொரு பாய்லர் நிறுவ அனுமதி கேட்டிருப்பதாகச் சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பு. அந்தத் தெருவிலேயே பளிச்சென்று வெள்ளையாக இருந்தது அந்தப் பலகைதான். தினமும் துடைத்தார்கள்.

ரொட்டி அடுப்பின் முத்திரையை எடுத்துவிட்டார்கள். ஆனால் அவர் அதற்குள் அடுப்பை இடித்திருந்தார். முத்திரை விழுந்த அன்றே, கோபத்திலோ அவசரத்திலோ, கரண்ட் அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இடித்துவிட்டார். கரண்ட் அடுப்பு வருகிற வழியாக இல்லை. சாவி அக்கா அவர் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னபோது, செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா பச்சை விறகாக் குடுத்திருப்பேனே" என்றார். "அதுதான் நல்லாப் புகையும்."

அவர் சிரிக்கவில்லை. அவளுக்கு அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் போக முடியவில்லை.

மறுபடி பனி இறங்குவதற்கு முன்னால் தங்கச்சி பெரியம்மா மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். மிஷினை ரொட்டி வேனில் ஏற்றிக் கட்டினார் கடைக்காரர். ரொட்டி இல்லாத வேன் அது, வாடகைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. தங்கச்சி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அக்கா வாசலில் நிற்பதைத் தாமதமாகத்தான் கவனித்தாள்.

"இப்பெல்லாம் நீ வர்றதே தெரிய மாட்டேங்குது" என்றாள்.

"சாவி இல்லல்ல."

"பழகிடும்." கண்ணாடியை ஏற்றப்போனவள் நிறுத்தினாள். "எதையும் எரிக்காம இரு. என்னால இனிமே உன்னை மோந்து பாத்துக் கண்டுபிடிக்க முடியாது."

வேன் போயிற்று.

சாவி அக்கா என்ற பெயர் மட்டும் போகவில்லை, சாவி போன பிறகும். அவள் இப்போது ஆலையில் வேலை செய்கிறாள். வேறு எங்கும் அவளை எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைச்சட்டை எடுத்துக்கொண்டான். கூப்பிட்டு, சிரித்து, எடுத்துக்கொண்டான். வெளுத்து வந்த விரிப்புகளை உதறி மடிக்கிற பகுதி. எதிலும் ஒரு புள்ளி இருக்காது. பின்வாசலில் டேங்கர் வந்து நிற்பதை அங்கிருந்து நன்றாகப் பார்க்க முடிகிறது. பார்த்து யாரிடம் சொல்ல? அவள் சொன்னால் இனி யாரும் நம்பப் போவதில்லை. அவனுக்கும் அது தெரிந்துதான் எடுத்திருக்கிறான்.

பனி இறங்கிய ஒரு சாயங்காலம் தங்கச்சி போன் செய்தாள்.

"மூச்சு எப்படிடி இருக்கு?"

"மூச்சு நல்லா இருக்கு. வாயைத்தான் மூடி வெச்சிருக்கேன், ஓசிச் சோறுல்ல. அங்க எப்படி?"

ஜன்னல் திறந்திருந்தது. எதிரே இப்போது இரண்டு புகைபோக்கிகள். தெருவில் ரொட்டி வாசனை இல்லாததால் மற்றது நன்றாகத் தெரிந்தது, தீக்குச்சி உரசி அணைத்த மாதிரி.

"இங்க என்ன, ஒண்ணும் இல்ல" என்றாள் சாவி அக்கா. தொண்டையில் இருமல் கிளம்பிக்கொண்டிருந்தது. போனை முகத்திலிருந்து விலக்கிப் பிடித்து, தாள்காரர் செய்வதைப் போல, மூச்சை அடக்கிக்கொண்டாள்.